ஸ்டெப்பி மேய்ப்பர்கள்: ஏன் இடம் மாறினார்கள், எப்படிப் பேரரசு கட்டினார்கள்?

மேய்ச்சல் வாழ்க்கை என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த அந்த வரிசைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மனிதன் முதலில் வேட்டையாடினான், பிறகு ஆடு மாடு மேய்த்தான், பிறகு ஓரிடத்தில் தங்கிப் பயிர் வைத்தான், அப்புறம் நகரம் கட்டினான். இந்தக் கணக்குப்படி பார்த்தால், இன்றும் மந்தையோடு இடம் மாறிக்கொண்டிருப்பவர்கள் பாதி வழியில் நின்றுபோனவர்கள் என்று ஆகிவிடும். ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் நடுவே கிடக்கிற பெரும் புல்வெளியைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழ். பயிர் வைக்கத் தெரிந்தவர்களோடு பழகி, ஆடு மாடு வளர்க்கவும் வண்டி செய்யவும் கற்றுக்கொண்ட பிறகுதான் மனிதர்களால் அந்தப் புல்வெளியின் நடுப்பகுதிக்குள் இறங்கிப் பிழைக்கவே முடிந்தது. அதாவது மேய்ச்சல் நாடோடி வாழ்க்கை விவசாயத்துக்குப் பின்னால் உருவான ஒரு தனித்தொழில். பக்கத்தில் விவசாயிகள் இல்லாவிட்டால் அது நொண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் செங்கிஸ் கான் வரைக்கும் பல விஷயம் விளங்கிவிடும்.

சரி, எந்தப் புல்வெளி? ஹங்கேரியில் தொடங்கி உக்ரைன், தெற்கு ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா வழியாக மஞ்சூரியா வரைக்கும், நடுவில் மலைகள் குறுக்கிட்டாலும், சுமார் 8,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புல் பட்டை ஓடுகிறது. ஸ்டெப்பி என்பது இதுதான். வடக்கே போனால் காடு, தெற்கே போனால் பாலைவனம். ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 250 முதல் 500 மில்லிமீட்டர், அதுவும் ஒரு வருஷம் பெய்யும், மறு வருஷம் கைவிரிக்கும். மங்கோலியாவில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது சாதாரணம். ஜூலையில் அதே இடத்தில் 30 டிகிரி வெயில் அடிக்கும். இந்த மண்ணை நம்பி வருஷா வருஷம் விதைக்க முடியாது, ஆனால் புல் வளரும். புல்லை மனிதன் தின்ன முடியாது, ஆடு தின்னும், ஆட்டின் பாலும் இறைச்சியும் மனிதனுக்கு ஆகும். அடிப்படை அவ்வளவுதான்.

அடுத்து, இடம் மாறுவது. இதில்தான் தப்பெண்ணம் அதிகம். கால்போன போக்கில் அலைவதாகத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மங்கோலியாவில் ஒரு மேய்ப்பர் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், வழக்கமாக அவர்களுக்கு நான்கு இடம் உண்டு: குளிர்காலத்துக்கு ஒன்று, குட்டி ஈனும் வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மந்தையைக் கொழுக்க வைக்கும் இலையுதிர் காலத்துக்கு ஒன்று. குளிர்கால இடம் ஏதாவது ஒரு மலையின் தெற்குச் சரிவில், வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று படாமல் ஒதுங்கியிருக்கும். அங்கே கல்லாலோ மரத்தாலோ ஒரு பட்டி. அதன் தரையில் வருஷக்கணக்காகச் சேர்ந்த புழுக்கை காய்ந்து மெத்தை மாதிரி கிடக்கும், இரவில் ஆடுகளுக்கு அடியிலிருந்து குளிர் ஏறாது. கோடை இடம் ஆற்றோரத்தில், திறந்தவெளியில், காற்று வீசுகிற இடமாகப் பார்த்து இருக்கும், ஈயும் கொசுவும் அண்டாமல்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், கோடையில் குளிர்கால இடத்துப் புல்லை யாரும் மேய்ப்பதில்லை. அது நின்ற இடத்திலேயே காய்ந்து நிற்கும், பனி விழுந்த பிறகு அதுதான் மந்தைக்குத் தீவனம். போர் போடாமல் வயலிலேயே விட்டுவைத்த வைக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இடம் மாறுவதில் புதுப் புல்லைத் தேடிப் போவது ஒரு பாதி, இருக்கிற புல்லை மிச்சம் வைத்துவிட்டுப் போவது இன்னொரு பாதி. கோடையில் வேறு எவனாவது வந்து அந்தச் சரிவை மொட்டையடித்துவிட்டால் குளிர்காலத்தில் அந்தக் குடும்பத்தின் கதை முடிந்தது. அதனால் எந்தப் பள்ளத்தாக்கில் யார் குளிர்காலம் கழிப்பது என்பதற்கு வழிவழியான உரிமை இருந்தது, அதற்காக வெட்டும் குத்தும் நடந்தன. "அவர்களுக்கு நிலம் என்று ஒன்றுமில்லை, எங்கே வேண்டுமானாலும் போவார்கள்" என்று பக்கத்து விவசாய நாடுகள் எழுதிவைத்தது, பெரும்பாலும் அந்த நிலத்தைப் பிடுங்க நினைத்தபோது எழுதியது.

இடம் மாற வசதியாக வீடும் உண்டு. மங்கோலியர்கள் அதை கெர் என்பார்கள். மடக்கக்கூடிய மரச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் புகை போக ஒரு வளையம் வைத்து, மேலே ஆட்டு ரோமத்தை நனைத்து உருட்டி அழுத்திச் செய்த தடிமனான கம்பளியைப் போர்த்திக் கட்டுவார்கள். பழகிய கைகள் இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் பிரித்து, இரண்டு மூன்று ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். இப்போது லாரியில் ஏற்றுகிறார்கள். உள்ளே எரிப்பது பெரும்பாலும் காய்ந்த சாணம், நம் வறட்டி மாதிரிதான், ஆனால் தட்ட வேண்டியதில்லை, அந்தக் காற்றில் தானாகவே காய்ந்துவிடும்.

மங்கோலியர்கள் ஐந்து வகைக் கால்நடை என்று கணக்குச் சொல்வார்கள்: குதிரை, ஒட்டகம், மாடு (மலைப் பக்கத்தில் யாக்கும் இதில் சேரும்), செம்மறி, வெள்ளாடு. ஐந்தையும் சேர்த்து வளர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு புல்லை, வேறு வேறு உயரத்தில் மேயும். வெள்ளாடு துணிந்து முன்னே போகும், செம்மறி பின்னாலேயே போகும், அதனால் இரண்டையும் ஒரே மந்தையாக ஓட்டுவார்கள். பனிக்காலத்தில் குதிரை முன்னங்காலால் பனியைச் சுரண்டித் தள்ளி அடியில் இருக்கும் புல்லைத் தின்னும். மாட்டுக்கு அந்த வித்தை கைவராது. ஆகவே முதலில் குதிரைகள் மேய்ந்து உடைத்துப்போட்ட இடத்தில் பின்னால் மாட்டையும் ஆட்டையும் விடலாம். போரில் குதிரை என்ன செய்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள். பனியில் அது தோண்டித் தந்த புல்லைப் பற்றிப் பேச ஆளில்லை, எனக்கென்னவோ இதுதான் முதல் உபகாரம்.

சாப்பாட்டு விஷயமும் சுவாரசியமானது. கோடை முழுக்கப் பால் பொருள், குளிர்காலத்தில் இறைச்சி. குளிர் நன்றாக இறங்கிய பிறகு ஒட்டுமொத்தமாகச் சில ஆடுகளையும் ஒரு மாட்டையும் அறுத்து வெளியே வைத்துவிட்டால் வசந்தம் வரைக்கும் உறைந்தே கிடக்கும், கெடாது. மங்கோலியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, வளர்ந்த பிறகு பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணு கிடையாது. ஆனாலும் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாலில்தான் பிழைக்கிறார்கள். எப்படி? பாலைப் பெரும்பாலும் பாலாகவே வைத்திருப்பதில்லை, புளிக்க வைக்கிறார்கள், அப்போது கிருமிகளே அந்தச் சர்க்கரையில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகின்றன. குதிரைப் பாலில் செய்யும் ஐராக் இதில் பேர்போனது. குதிரையிடம் முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் குட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கறக்க வேண்டும், கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால் ஒரு நாளில் பல தடவை. அதைத் தோல்பையில் ஊற்றி வாசலை ஒட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் எல்லோரும் மத்தைப் பிடித்து நாலு கடை கடைந்துவிட்டுப் போவார்கள். லேசான போதையும் உண்டு. ஆரூல் என்று இன்னொன்று, தயிரை வடித்துக் கட்டி வெயிலில் உலர்த்திய துண்டு. கல் மாதிரி இருக்கும், நாள்பட வைத்திருக்கலாம், பயணத்துக்கு அதுதான் கட்டுச்சோறு.

இவ்வளவு நன்றாக ஓடுகிற வாழ்க்கையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சொத்து முழுக்க உயிரோடு நடமாடுகிறது. நல்ல வருஷங்கள் தொடர்ந்து வந்தால் மந்தை மளமளவென்று பெருகும். ஒரே ஒரு மோசமான குளிர்காலம் பாதியை வாரிக்கொண்டு போகும். இந்தப் பேரழிவுக்கு மங்கோலியர்கள் ஜூத் என்று பேர் வைத்திருக்கிறார்கள், அதில் வகையும் பிரித்திருக்கிறார்கள். பனி ஆழமாக விழுந்து புல்லை மூடினால் வெள்ளை ஜூத். பனியே விழாமல், குடிக்கத் தண்ணீருக்கு வழியில்லாமல் போனால் கருப்பு ஜூத். பனி லேசாக உருகி மறுபடி உறைந்து மேலே ஐஸ் தகடாக இறுகிவிட்டால் இரும்பு ஜூத், குதிரையின் குளம்பால்கூட அதை உடைக்க முடியாது. 2009-10 குளிர்காலத்தில் மங்கோலியாவில் செத்த கால்நடைகள் 80 லட்சத்துக்கும் மேல். நெல்லையாவது குதிரில் போட்டு வைக்கலாம், ஆட்டை எங்கே போட்டு வைப்பது? இதற்கு அவர்கள் கண்டுபிடித்த காப்பீடு உறவுதான். வசதியானவர்கள் தங்கள் ஆடுகளில் ஒரு பங்கைத் தூரத்தில் இருக்கும் ஏழைக் குடும்பங்களிடம் மேய்க்கக் கொடுத்துவைப்பார்கள். பால் மேய்ப்பவருக்கு, ஆடு சொந்தக்காரருக்கு. ஒரு பள்ளத்தாக்கில் எல்லாம் செத்தாலும் இன்னொரு பள்ளத்தாக்கில் கொஞ்சம் பிழைத்திருக்கும். அதுவும் போதாதபோது இரண்டு வழிதான் மிச்சம்: விவசாயிகளோடு வியாபாரம், இல்லையென்றால் கொள்ளை. ஸ்டெப்பியின் அரசியல் வரலாற்றில் பெரும் பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதுதான்.

இனி கால வரிசைக்கு வருவோம். கி.மு. 3300 வாக்கில் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே யாம்னயா என்று தொல்லியலாளர்கள் பெயர் வைத்த ஒரு மக்கள் கூட்டம். மாடும் ஆடும் வைத்திருந்தார்கள், திட சக்கரம் வைத்த மாட்டு வண்டி வைத்திருந்தார்கள். அந்த வண்டி வந்த பிறகுதான் ஆற்றங்கரையை விட்டு நடுப் புல்வெளிக்குள் வீட்டோடு போய் மாதக்கணக்கில் தங்க முடிந்தது. அவர்களுடைய பல்லில் படிந்த கறையை ஆராய்ந்து, அதில் பாலின் புரதம் இருப்பதை 2021-இல் வெளியிட்டார்கள். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய காலைச் சாப்பாடு பல் இடுக்கில் மாட்டியிருந்திருக்கிறது. 2015-இல் வெளிவந்த பழைய டிஎன்ஏ ஆய்வுகள், இவர்களின் வழித்தோன்றல்கள் ஐரோப்பாவுக்குள் பெருமளவில் பரவியதைக் காட்டின.

குதிரை விஷயம் இன்னும் சிக்கலானது. கஜகஸ்தானில் போத்தாய் என்ற இடத்தில் கி.மு. 3500 வாக்கிலேயே மனிதர்கள் குதிரையை நம்பி வாழ்ந்திருக்கிறார்கள், ஆனால் இன்றைய குதிரைகள் அந்த வம்சம் இல்லை என்று 2018-இல் டிஎன்ஏ சொல்லிவிட்டது. இன்று உலகம் முழுக்க இருக்கும் குதிரைகளின் வம்சம் வோல்கா, டான் ஆறுகளின் பக்கத்தில் தோன்றி, கி.மு. 2200-க்குப் பிறகு மின்னல் வேகத்தில் பரவியது. கொஞ்ச காலத்தில் யூரல் மலைக்குத் தெற்கே சிந்தாஷ்தாவில் ஆரக்கால் வைத்த இலகுவான ரதங்களைப் பிணத்தோடு புதைத்திருக்கிறார்கள். குதிரையின் முதுகில் ஏறிச் சண்டை போடுவது பெருவழக்கானது அதற்கும் வெகுகாலம் கழித்து, கி.மு. முதல் ஆயிரத்தாண்டில்தான். ஏறி உட்கார்ந்தபடி மேய்த்தால் ஒரே ஆள் நடந்து மேய்ப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆடு பார்க்கலாம். மந்தை பெருத்தது, புல் தேவை பெருத்தது, சண்டையும் பெருத்தது.

அந்தக் காலத்து மக்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் ஸ்கித்தியர்கள், கிரேக்கரான ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அவர்களைப் பற்றி விலாவாரியாக எழுதியிருப்பதால். பாரசீக மன்னன் டாரியஸ் கி.மு. 513 வாக்கில் பெரும் படையோடு அவர்கள் மேல் பாய்ந்தான். அவர்கள் சண்டைக்கே நிற்கவில்லை. பின்வாங்கிக்கொண்டே, கிணறுகளைத் தூர்த்துக்கொண்டே, புல்லை அழித்துக்கொண்டே போனார்கள். ஏன் ஓடுகிறாய் என்று டாரியஸ் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு அவர்கள் மன்னன் இதாந்திர்சஸ் சொன்ன பதிலின் சாரம் இது: நான் ஓடவில்லை, எப்போதும் வாழ்கிற மாதிரிதான் வாழ்கிறேன், பறிபோகுமே என்று பயப்பட எங்களுக்கு நகரமும் இல்லை, வயலும் இல்லை, எங்கள் முன்னோர் சமாதிகள் இருக்கின்றன, அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கைவைத்துப் பார், அப்போது தெரியும். பேச்சை ஹெரோடோட்டஸ் கொஞ்சம் அலங்கரித்திருக்கலாம், ஆனால் டாரியஸ் வெறுங்கையோடு திரும்பியது உண்மை. அதே ஹெரோடோட்டஸ், ஸ்கித்தியர்களில் கோதுமை விதைத்து விற்பவர்களும் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். சுத்தமான நாடோடி என்பது அன்றும் அபூர்வம்தான்.

கிழக்குக் கோடியில் ஷியோங்னு. இவர்களைப் பற்றிச் சீனர்கள் எழுதியதைப் படித்தால், சும்மா இருந்த சீனா மேல் குதிரைக்காரர்கள் வந்து விழுந்ததாகத் தோன்றும், பெருஞ்சுவர் அதற்காகக் கட்டியதாகவும் தோன்றும். தேதிகளைப் பாருங்கள். கி.மு. 221-இல் சின் பேரரசு சீனாவை ஒன்றாக்குகிறது. 215-இல் அதன் தளபதி மெங் தியான், மஞ்சள் ஆற்று வளைவில் இருக்கும் ஓர்தோஸ் புல்வெளியிலிருந்து ஷியோங்னு மக்களை விரட்டிவிட்டு அங்கே சுவர் எழுப்புகிறான். நல்ல மேய்ச்சல் நிலம் பறிபோன ஆறே வருஷத்தில், 209-இல், மோடுன் என்பவன் தன் தகப்பனைக் கொன்று தலைவனாகி, சிதறிக் கிடந்த குலங்களை ஒரே அரசாகக் கட்டுகிறான். கி.மு. 200-இல் ஹான் பேரரசை நிறுவிய காவ்சூவையே சுற்றி வளைத்துவிட்டான். அதற்குப் பிறகு உடன்படிக்கை: ஹான் தரப்பு வருஷா வருஷம் பட்டு, தானியம், மது அனுப்ப வேண்டும், மணமுடிக்க ஓர் இளவரசியையும் அனுப்ப வேண்டும், பதிலுக்கு எல்லையில் கொள்ளை இருக்காது. ஸ்டெப்பியில் ஒரு பெரிய தலைவன் தலைவனாக நிலைக்க வேண்டுமென்றால் கீழே இருக்கும் குலத் தலைவர்களுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டை மட்டும் வைத்து அது நடக்காது, ஆடு எல்லோரிடமும் இருக்கிறது. பட்டுதான் வேண்டும், பட்டு சீனாவிலிருந்துதான் வர வேண்டும்.

இந்தப் பட்டுக்கு ஒரு விலை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஹான் அரண்மனையிலிருந்து ஷியோங்னு பக்கம் கட்சி மாறிய சோங்ஹாங் யுவே என்ற அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்) ஒருவர் அவர்களை எச்சரித்ததாகச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். சீனப் பட்டை உடுத்திக்கொண்டு முள்ளுப் புதருக்குள் குதிரையை ஓட்டிப் பாருங்கள், கிழிந்து தொங்கும், உங்கள் கம்பளிக்கும் தோலுக்கும் அது ஈடாகாது. அவர்கள் சாப்பாட்டைத் தூரப் போடுங்கள், உங்கள் பாலும் தயிரும்தான் நல்லது என்பது அவர் வாதம். ஏறக்குறைய 900 வருஷம் கழித்து, கி.பி. 732-இல், துருக்கிய அரசன் பில்கே ககான் மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றங்கரையில் கல்லில் வெட்டிவைத்ததிலும் அதே கவலைதான்: சீனர்களின் பேச்சு இனிக்கும், பட்டு மிருதுவாக இருக்கும், அதை நம்பி அருகில் போன துருக்கியர்கள் பலர் செத்தார்கள். எச்சரிக்கிறார்களே தவிர, இரு தரப்பும் கடைசிவரை பட்டு வாங்குவதை நிறுத்தவில்லை.

ஸ்டெப்பியில் ஓர் இடத்தில் தள்ளினால் அதன் அதிர்வு எங்கேயோ போய் நிற்கும். ஷியோங்னு அடித்ததில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யுவெஷி என்ற மக்கள் சீன எல்லையிலிருந்து மேற்கே கிளம்பினார்கள், இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் வந்து தங்கினார்கள், அவர்களிலிருந்து வந்த ஒரு கிளைதான் வட இந்தியாவை ஆண்ட குஷாணர்கள். மதுரா அருங்காட்சியகத்தில் தலை உடைந்த கனிஷ்கர் சிலை ஒன்று இருக்கிறது. கொதிக்கும் வெயில் ஊரில் அவர் முழங்கால் வரை நீண்ட கனத்த அங்கியும் காலில் பெரிய பூட்ஸும் போட்டுக்கொண்டு நிற்கிறார். சவாரிக்காரர் உடுப்பு. இத்தனை தலைமுறை கழித்தும் அரசன் என்றால் அந்த உடுப்பில்தான் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இப்போது எல்லோரும் காத்திருக்கும் ஆள். தெமுஜின் 1162 வாக்கில் பிறந்தவர், 1206-இல் பெரும் கூட்டத்தில் செங்கிஸ் கான் என்று அறிவிக்கப்பட்டார், 1227-இல் இறந்தார். அவருக்கு முன்னாலும் நல்ல வில்லாளிகள் இருந்தார்கள், நல்ல குதிரைகள் இருந்தன. அவர் செய்த புதுமை ஆட்களைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று படையைப் பிரித்தார். 1206-இல் 95 ஆயிரவர் பிரிவுகளுக்குத் தலைவர்களை நியமித்தார். தோற்கடித்த குலங்களை உடைத்து வேறு வேறு பிரிவுகளில் கலந்துவிட்டார், பழைய குலத் தலைவன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போக முடியாதபடி. படைவீரனும் மேய்ப்பவனும் ஒரே ஆள் என்பதால் பயிற்சிக்குத் தனியாகச் செலவில்லை, மூன்று நான்கு வயதில் குதிரையில் ஏற்றிவிடுகிறார்கள், பெருவேட்டைகளில் வளைத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆளுக்கு நாலைந்து குதிரை, ஒன்று களைத்தால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்வான். ஆண்கள் வருஷக்கணக்கில் போருக்குப் போனபோது மந்தையையும் வீட்டையும் நடத்தியது பெண்கள். அரசியலிலும் அப்படித்தான், செங்கிஸின் மகனும் அடுத்த கானுமான ஒகெதேய் 1241-இல் இறந்த பிறகு ஐந்து வருஷம் பேரரசை நடத்தியது அவர் மனைவி தோரெகெனே.

வானமும் கைகொடுத்தது. மங்கோலிய மலைகளில் இருக்கும் பழைய மரங்களின் வளையங்களை அளந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. 1180-களில் கடும் வறட்சி, ஆனால் 1211 முதல் 1225 வரை தொடர்ந்து வழக்கத்துக்கு மேல் ஈரமான காலம். புல் கொழித்தால் குதிரை பெருகும், குதிரை பெருகினால் படை போகும் தூரமும் பெருகும். மழைதான் பேரரசைக் கட்டியது என்று சிலர் இதைத் தூக்கிப் பிடிப்பதை நான் ஏற்க மாட்டேன், மழை எல்லாக் குலத்துக்கும்தான் பெய்தது. ஆனாலும் இப்படிப்பட்ட வருஷங்கள் வாய்த்திருக்காவிட்டால் இவ்வளவு குதிரைகளுக்குத் தீனி எங்கே?

மெர்வ், நிஷாப்பூர், 1258-இல் பாக்தாத் என்று நகரம் நகரமாக மங்கோலியர்கள் செய்த படுகொலைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் வென்ற நாட்டை என்ன செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு இருந்தது என்பதும் தெரிய வேண்டும். வட சீனாவைப் பிடித்த பிறகு, இந்த விவசாயிகளால் நமக்கு என்ன பிரயோசனம், ஆளைக் காலி செய்துவிட்டு நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டுவிடலாம் என்று சிலர் ஒகெதேயிடம் சொன்னார்கள். கித்தான் இனத்தவரான அமைச்சர் யெலூ சூத்சாய் குறுக்கே நின்றார். தர்மநியாயம் பேசவில்லை, கணக்குப் பேசினார்: நிலவரி, வணிகவரி, உப்பு, மது, இரும்பு எல்லாவற்றிலும் வருஷத்துக்கு இவ்வளவு வெள்ளி, இவ்வளவு பட்டு, இவ்வளவு தானியம் வரும், உயிரோடு விட்டால்தான் வரும். ஒகெதேய் சோதித்துப் பார்த்தார், வரி வந்தது, மக்கள் பிழைத்தார்கள். அடுத்த தலைமுறையில் குப்ளாய் கான் முழுச் சீனத்துக்கும் பேரரசர். அவர் காலத்தில் சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281-இல், அங்கே சிவனை எழுந்தருளப் பண்ணிய செய்தி தமிழ்க் கல்வெட்டாக இன்றும் இருக்கிறது. செகசை கானின் பர்மான்படி (அரச ஆணைப்படி), அந்தக் கானின் திருமேனி நன்றாக இருப்பதற்காக என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்தக் கான் குப்ளாய்தான் என்று கொள்கிறார்கள்.

இதற்குப் பிறகு வந்த சரிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துப்பாக்கியும் பீரங்கியும் கோட்டை வரிசையும் வந்தன. மேற்கிலிருந்து ரஷ்யா, கிழக்கிலிருந்து சிங் வம்சம் ஆண்ட சீனா, இரண்டும் 1689-இல் நெர்சின்ஸ்க் உடன்படிக்கையில் தங்களுக்குள் எல்லை பேசிக்கொண்டன. பின்வாங்க இடமிருந்த வரைக்கும்தான் ஸ்டெப்பிக்காரனுக்குப் பலம். கடைசிப் பெரிய நாடோடி அரசான ஜுங்கார்களை 1750-களில் சிங் படை துடைத்தே எடுத்துவிட்டது. 1771-இல் வோல்கா கரையில் ரஷ்யக் கெடுபிடி தாங்காமல் டோர்கூத் என்ற மங்கோலிய இன மக்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் மந்தைகளோடு கிழக்கே கிளம்பினார்கள், பாதிக்கும் குறைவானவர்களே போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் வோல்கா சரியாக உறையாததால் மேற்குக் கரையில் இருந்தவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. அப்படி நின்றுவிட்டவர்களின் சந்ததிதான் இன்று ரஷ்யாவில் இருக்கும் கல்மிக்குகள்.

ஆனால் கஜகஸ்தானைச் சுருக்க மனம் வரவில்லை. 1930-களின் தொடக்கத்தில் சோவியத் அரசு கஜக் மேய்ப்பர்களை ஓரிடத்தில் உட்கார வைத்துக் கூட்டுப்பண்ணையில் சேர்க்கப் புறப்பட்டது. நாடோடி வாழ்க்கை பின்தங்கியது, விவசாயம் முன்னேற்றம் என்ற அதே பள்ளிக்கூட வரிசைதான் கொள்கையாக வந்து நின்றது. ஆடு மாடுகளைப் பறித்து ஓரிடத்தில் அடைத்தார்கள். அடைத்த இடத்தில் புல்லும் இல்லை, தீவனமும் இல்லை; நகரங்களுக்கான இறைச்சிக் கொள்முதல் வேறு. சில வருஷத்துக்குள் கால்நடையில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. 1930-33 பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கஜக்குகள். பின்னாளில், 1954 முதல், க்ருஷ்சேவின் கன்னிநிலத் திட்டத்தில் அதே புல்வெளியில் கோடிக்கணக்கான ஏக்கரை உழுது கோதுமை விதைத்தார்கள். முதலில் அமோக விளைச்சல், 1960-களின் தொடக்கத்தில் புழுதிப் புயல்.

மங்கோலியாவில் 1950-களின் கடைசியில் கூட்டுறவு அமைப்பு வந்தது, அங்கே இடம் மாறுவதை முழுக்க நிறுத்தவில்லை. 1990-க்குப் பிறகு கூட்டுறவுகள் கலைந்து கால்நடைகள் மறுபடி குடும்பங்களுக்குப் போயின. தொழிற்சாலை வேலை போனவர்கள்கூட ஆடு மேய்க்கப் போனார்கள். 1990-இல் நாட்டில் சுமார் 2.5 கோடிக் கால்நடை, 2019-இல் 7 கோடி. மக்கள்தொகை 35 லட்சத்துக்குள்தான். கூடியதில் பெரும் பங்கு வெள்ளாடு, காரணம் காஷ்மீர் ரோமம்: வசந்தத்தில் வெள்ளாட்டின் அடிமயிரைச் சீவி எடுத்தால் சீனச் சந்தையில் கைமேல் காசு. வெள்ளாடு வேரோடு கடித்துப் புல்லைக் கெடுக்கும் என்று மேய்ப்பவருக்கே தெரியும், ஆனால் பையனின் கல்லூரிக் கட்டணமும் வங்கிக் கடன் தவணையும் வெள்ளாட்டு மயிரில்தான் அடைகிறது. இப்போது கெருக்கு வெளியே சோலார் பலகை, உள்ளே டிவி, குதிரை மந்தையை மோட்டார் சைக்கிளில் போய்த் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். ஜூத்தில் எல்லாம் இழந்தவர்கள் தலைநகர் உலான்பாத்தருக்குப் போய் அதன் ஓரத்து மேடுகளில் அதே கெரைக் கட்டிக்கொண்டு, நிலக்கரி அடுப்பின் புகையில் இருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி அந்த ஒரே நகரத்தில்.

இப்போது அங்கே நடக்கும் பெரிய விவாதம் புல்லுக்கு யார் பொறுப்பு என்பது. 1992 அரசியல் சட்டப்படி மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்கு எழுதிவைக்க முடியாது. குளிர்கால, வசந்தகால முகாம் இருக்கும் இடத்துக்கு மட்டும் குடும்பங்கள் அனுபோக உரிமை வாங்கலாம். முகாம் உன் பேரில், அதைச் சுற்றியிருக்கும் புல் எல்லோருக்கும் பொது. அந்தப் புல்லைக் கோடையில் வேறு மந்தை வந்து மேய்ந்துவிட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு முன்பெல்லாம் குலத் தலைவன் இருந்தான், பிறகு கூட்டுறவு அதிகாரி இருந்தார். வேலி போட்டுப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எல்லைக்குத் தெற்கே, சீனாவின் உள் மங்கோலியாவில், 1980-களிலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு குடும்பத்தின் வேலிக்குள் மழை பொய்த்தால் அந்த வருஷம் தீவனத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.